‘ஓட்டம்’ எந்தப் பக்கம்? பெயர்ச்சொல் நடத்துகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கத்துப் பள்ளிகளுக்குப் பயிற்சி ஆசிரியர்கள் வந்து இறங்கும் மாதங்களில் தமிழ் வகுப்புச் சுவரெல்லாம் சார்ட் அட்டையாகிவிடும். மயில், மாம்பழம், மதுரை, கை. நடுவில் கொட்டை எழுத்தில் ‘பெயரைக் குறிப்பது பெயர்ச்சொல்’. படங்கள் அழகாகத்தான் இருக்கும். பாடம்தான் பழைய பள்ளத்திலேயே போய் விழும். இன்றைக்கு மூத்த ஆசிரியர்களாக இருப்பவர்களும் முதல் வருஷத்தில் விழுந்து எழுந்த பள்ளம் அது. அதனால்தான் பார்க்கப் பார்க்கக் கூடுதலாக எரிச்சல் வருகிறது.

பலகையில் எழுத்துப்பிழை, பின்வரிசைக்கு எட்டாத குரல், மணி அடித்த பிறகும் நடத்துவது போன்றவை இங்கே வராது. அவை யாரும் சொல்லாமலே சரியாகிவிடும்.

பொருளை வைத்து வகை பிரிப்பது

“செயலைக் குறிப்பது வினைச்சொல்” என்று சொல்லிவிட்டு, பலகையில் நடுக்கோடு கிழித்து, ஒரு பக்கம் பெயர், மறுபக்கம் வினை என்று ஆசிரியர் எழுதுகிறார். ஆளுக்கொரு சொல் கேட்கிறார். ஆறாம் வகுப்புப் பையன் ஒருவன் எழுந்து “ஓட்டம்” என்கிறான். வினைப் பக்கம் எழுதச் சொல்லிக் கைகாட்டுகிறான். “இல்லப்பா, அது தொழிற்பெயர், உக்காரு.” (தொழிற்பெயர் என்றால் ஒரு செயலுக்குப் பெயராக நிற்கும் சொல்.)

அவன் செய்த தப்பு என்ன? ஓட்டம் ஒரு செயல். செயலைக் குறித்தால் வினை என்று சொன்னது ஆசிரியர். சொன்னதைச் சொன்னபடியே செய்தவனை உட்கார வைத்தாயிற்று. அடுத்து எழும் பிள்ளை ‘சமையல்’ என்கிறது, அதற்கடுத்தது ‘அழுகை’. எல்லாவற்றுக்கும் அதே பதில், காரணம் மட்டும் கிடையாது. வாத்தியார் மனசில் என்ன இருக்கிறதோ அதை ஊகிப்பதுதான் இலக்கணம் என்று அந்த வகுப்பு அன்றைக்கே முடிவுகட்டிவிடும். பிறகு ‘தல், அல், அம், கை’ என்று விகுதிகளை மனப்பாடம் செய்து காலத்தை ஓட்டுவார்கள். பொதுத்தேர்வு நெருங்கும்போது தொழிற்பெயருக்கும், ‘வந்தவர்’ போலச் செயலைச் செய்தவரைக் குறிக்கும் வினையாலணையும் பெயருக்கும் வேறுபாடு கேட்டால் கைநடுங்கும். கொடுத்த விதி கோணல் என்பதால் வந்த வினை இது. பிள்ளையின் மந்தம் என்று எழுதிவிடுவது அநியாயம்.

தொல்காப்பியம் வினைக்கு இலக்கணம் சொல்லும்போது செயல் என்ற பேச்சையே எடுக்கவில்லை. வேற்றுமை கொள்ளாது (அதாவது ஐ, கு போன்ற உருபுகளை ஏற்காது), காலத்தோடு தோன்றும், அவ்வளவுதான். இரண்டும் சொல்லைத் தொட்டுப் பார்த்துச் சோதிக்கக்கூடிய அடையாளங்கள். இதைக் கைக்குள் வைத்துக்கொண்டு ‘பெயரைக் குறிப்பது பெயர்’ என்று சுற்றிவருவானேன்?

பலகையில் இரண்டு சட்டங்கள், அதாவது கோடிட்ட வாக்கியங்கள், எழுதினால் போதும்:

“______ஐப் பார்த்தேன்.”
“______க்கு என்ன?”

கோடிட்ட இடத்தில் சொல்லைப் போட்டு, உருபோடு சேர்த்து வாயால் சொல்ல வேண்டும். ஓட்டத்தைப் பார்த்தேன், சமையலைப் பார்த்தேன், அழுகைக்கு என்ன. நிற்கிறது, ஆகவே பெயர். ‘ஓடுகிறான்’ என்பதைப் போட்டால் ‘ஓடுகிறானைப் பார்த்தேன்’ என்று வரும், வகுப்பே சிரித்துவிடும். அந்தச் சிரிப்பு வந்தால் பாடம் ஏறிவிட்டது என்று அர்த்தம்.

சட்டம் ஒன்றுக்கு இரண்டாக இருப்பதற்குக் காரணம் உண்டு. காலப்பெயர்களில் பல ‘ஐ’யோடு முறுக்கிக்கொள்ளும். ‘நாளையைப் பார்த்தேன்’ என்று யாரும் பேசுவதில்லை. ‘நாளைக்கு என்ன?’ என்று எல்லாரும் கேட்கிறார்கள். இரண்டில் ஒன்று பொருந்தினாலே பெயர் என்று வைத்துக்கொள்ளலாம்.

சொற்களைப் போடும் வரிசையில்தான் நிறையப் பேர் கவிழ்கிறார்கள். பெயர்களில் முதல் நாள் கதவு, சாவி, தூண், தட்டு, ஆச்சி போன்றவை மட்டும். கதவை, சாவியை, தூணை என்று சிக்கலில்லாமல் வரும். மறுநாள் ‘ம்’மில் முடிகிறவை: பணியாரம், அதிரசம், மரம். இவற்றை முதல் நாளே எடுத்தால் ‘பணியாரமை’ என்று எழுதிவைப்பார்கள். வீட்டில் ‘பணியாரத்த எடு’ என்று சரியாகச் சொல்கிற பிள்ளைதான் இப்படி எழுதும். எனவே வாயால் சொல்லவைத்த பிறகே எழுதவிட வேண்டும். ‘அத்துச் சாரியை’ என்ற பெயரை அப்போது அவிழ்க்க வேண்டாம், ‘ம் போய் த்து வரும்’ என்றால் போதும். மூன்றாம் நாள் வீடு, காடு, ஆறு, சோறு. வீட்டை, காட்டை, ஆற்றை, சோற்றை. ஒரு வகுப்புக்குப் பன்னிரண்டு சொல்லுக்கு மேல் போகாதீர்கள். பாதி சொற்கள் பொருந்தாதவையாக இருக்க வேண்டும், இல்லையென்றால் எல்லாவற்றுக்கும் ‘பெயர்’ என்று கூவிப் பழகிவிடுவார்கள்.

அடுத்த படிக்கு வீட்டுப் பேச்சே கைகொடுக்கும். செட்டிநாட்டுப் பிள்ளைக்கு ‘ஆச்சி வந்தாக’ என்பதும் ‘வந்தவுகளுக்குக் காப்பி குடு’ என்பதும் காதில் ஊறிய பேச்சு. இரண்டையும் பலகையில் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதுங்கள். வந்தாக, வந்தவுக. இரண்டும் இறந்தகாலம் காட்டுகின்றன. ஆனால் ‘வந்தாகளுக்குக் காப்பி’ என்று எந்த ஆச்சியும் சொல்லமாட்டார். வந்தாக வினைமுற்று, வந்தவுக வினையாலணையும் பெயர். வந்தார்கள், வந்தவர்கள் என்று எழுத்துத் தமிழுக்கு மாற்றிக்கொள்ள இரண்டு நிமிடம் போதும். காலம் காட்டினாலும் உருபை ஏற்றுவிட்டால் அது பெயர்தான் என்பதும், ‘வருதல்’ போல ‘தல்’ விகுதி பெற்ற தொழிற்பெயர் காலமே காட்டாது என்பதும் இந்த இடத்தில் ஒரே மூச்சில் சொல்லிவிடலாம்.

விவரமான பிள்ளை ஒன்று பழைய பாட்டில் ‘வந்தானைக் கண்டேன்’ என்பது போல ஒரு தொடரைக் காட்டி மடக்கக்கூடும். மடக்கினால் சந்தோஷப்படுங்கள். பழந்தமிழில் ‘வந்தான்’ என்பதே ‘வந்தவன்’ என்ற பொருளில் பெயராக நின்று உருபு ஏற்கும். சோதனை அங்கேயும் தோற்கவில்லை.

சொல்லைத் தனியே பிடுங்கி வைத்து ‘இது என்ன வகை?’ என்று கேட்பது

‘ஓடு’ என்ன சொல்? நாட்டு ஓடு சரிந்தது என்றால் பெயர். வேகமாக ஓடு என்றால் வினை. அண்ணனோடு வந்தாள் என்றால் வேற்றுமை உருபு, அதாவது இடைச்சொல். வினாத்தாளில் வெறுமனே ‘ஓடு’ என்று போட்டு ஒரு மதிப்பெண் வைத்தால் மூன்று விடையும் சரி. ‘கட்டு’வும் அப்படியே. வீட்டின் இரண்டாங்கட்டில் உட்கார்ந்திருந்தார்கள், மாட்டைக் கட்டு. ‘கல்’லும் அதே வம்சம்.

‘வந்தது’ இன்னும் பொல்லாதது. மாடு வந்தது என்றால் வினைமுற்று. அவன் வந்தது எனக்குத் தெரியும் என்றால் தொழிற்பெயர். முதலில் வந்ததைப் பிடித்துக் கட்டு என்றால் வினையாலணையும் பெயர். உருபைக் கழித்துப் பார்த்தால் எழுத்து ஒன்றுகூட மாறவில்லை, இருக்கும் இடம்தான் மாறியது. எப்போதும் வாக்கியத்தோடு கொடுங்கள். கேட்கும் சொல்லுக்கு அடிக்கோடு போடுங்கள்.

ஆங்கிலத்தின் எட்டுச் சொல்வகையைத் தமிழின் நான்கோடு முடிச்சுப் போடுவது

நவுன் என்றால் பெயர், வெர்ப் என்றால் வினை என்பதோடு நிறுத்தியிருந்தால் தப்பில்லை. மிச்சமிருக்கும் இடைச்சொல்லையும் உரிச்சொல்லையும் பார்த்து, கையில் மிச்சமிருக்கும் அட்ஜெக்டிவைத் தூக்கி உரிச்சொல்லில் போட்டுவிடுகிறார்கள். அப்புறம் ‘நல்ல, பெரிய, அழகிய’ எல்லாம் உரிச்சொல் ஆகிவிடும்!

‘நல்ல’, ‘பெரிய’ இரண்டும் குறிப்புப் பெயரெச்சம், அதாவது காலத்தை வெளிப்படையாகக் காட்டாமல் ஒரு பெயரைத் தழுவி நிற்பவை. நன்மை, பெருமை என்பவை பண்புப்பெயர். சட்டத்தில் போட்டால் தெரிந்துவிடும்: பெருமைக்கு என்ன என்பது நிற்கும், ‘பெரியக்கு’ நிற்காது. உரிச்சொல் என்பது செய்யுளுக்கு உரிய வேறு கூட்டம்: சால, உறு, தவ, நனி, கூர், கழி என்று மிகுதியைச் சொல்லும் ஆறு சொற்கள், பிறகு ‘கடி’. கடிநகர் என்றால் காவல் மிக்க நகர், கடிமலர் என்றால் மணமுள்ள மலர், கடிநுனி என்றால் கூர்மையான நுனி. இதை அட்ஜெக்டிவ் என்று சொல்லிக்கொடுத்தால் இரண்டு பாடமும் கெடும்.

ப்ரனவுனும் அப்படித்தான். ஆங்கிலத்தில் தனி வீடு, தமிழில் பெயருக்குள் ஒரு அறை. அவனை, இதற்கு என்று உருபு ஏற்கிறதே, வேறென்ன சாட்சி வேண்டும்? எட்டு என்ற எண்ணும் ஒன்றும் கல்வெட்டில்லை. கிரேக்கர் பட்டியலில் ஆர்ட்டிகிள் (‘the’ போன்றது) இருந்தது, இன்டர்ஜெக்ஷன் (வியப்புச் சொல்) இல்லை. ஆர்ட்டிகிளே இல்லாத லத்தீனுக்குப் போனபோது ஒன்றை எடுத்துவிட்டு மற்றதை வைத்து எட்டைக் காப்பாற்றிக்கொண்டார்கள்.

இடைச்சொல் என்றால் இடையில் வருவது

இல்லை. ‘அவ்வீடு’ என்பதில் ‘அ’ முன்னே நிற்கிறது, ‘ஊரே’ என்பதில் ‘ஏ’ பின்னே நிற்கிறது.

ஆறு வகைப் பெயரை ஆறு டப்பாவாக அடைப்பது

பொருள், இடம், காலம், சினை, பண்பு, தொழில். மூடி போட்ட டப்பா என்று நினைத்தால் பிள்ளைகளே உடைத்துவிடுவார்கள். மாலை காலமா, கழுத்தில் போடுவதா? முகப்பு, வளவு, அடுப்படி என்று வீட்டை வரிசையாகச் சொல்லச்சொன்னால் முகப்பை ஒருவன் இடப்பெயர் என்பான், வீட்டின் உறுப்புத்தானே என்று இன்னொருவன் சினை என்பான். காரணம் சொன்னால் இருவருக்கும் மதிப்பெண் போடுங்கள். இந்த மாதிரிச் சொல்லைத் தேர்வில் வைக்காதீர்கள்.

“பட்டாலைக்கு ஆத்தங்குடி போட்டாச்சா?” என்று கொத்தனார் கேட்கிறார். ஆத்தங்குடி ஊர். ஆனால் ஊரைத் தூக்கிக்கொண்டு வந்து தரையில் போட முடியாது. ஊர்ப்பெயர் அங்கே வார்க்கும் தரைக்கல்லுக்கு ஆகி வந்திருக்கிறது, இடவாகுபெயர். பலகாரம் பங்கிடும்போது சொல்லும் ‘தலைக்கு ஒரு சீயம்’ என்பதில் தலை ஆளுக்கு ஆகி வந்திருக்கிறது, சினையாகுபெயர். ஆகுபெயரை இரண்டு வருஷம் கழித்துப் புதுப் பாடமாக அவிழ்ப்பதைவிட, இப்படி வாயில் வரும்போதே ஒரு முறை காட்டிவிட்டுப் போகலாம்.

நான்கு வகைக்கு நான்கு வண்ண ஸ்கெட்ச்

வண்ணம் நினைவிருக்கும். சொல் மறந்துபோகும்.

வாக்கியம் என்றாலே வினை இருக்க வேண்டும் என்பது

ஆங்கில வகுப்பிலிருந்து ஒட்டிக்கொண்டு வருவது. ‘எங்க ஊர் பள்ளத்தூர்’ என்பதில் வினை எங்கே இருக்கிறது? பெயரே பயனிலையாக நிற்கும். இதைச் சொல்லாமல் விட்டால் இல்லாத வினையைத் தேடிப் பிடிப்பார்கள்.

புறநானூற்று 192ஆம் பாட்டின் ‘யாதும் ஊரே யாவரும் கேளிர்’ என்ற அடியைக் கொடுத்து ‘வினைச்சொல்லைக் கண்டுபிடி’ என்று சொல்லிப் பாருங்கள். பாதி வகுப்பு ‘கேளிர்’ என்று கை தூக்கும். ‘கேளுங்கள்’ என்று யாரோ கட்டளையிடுவதாக நினைத்துக்கொள்கிறார்கள். சில பயிற்சி ஆசிரியர்களும் தயங்குகிறார்கள், அதுதான் சங்கடம். கேள் என்றால் உறவு, கேளிர் என்றால் உறவினர். யாது, ஊர், யாவர், கேளிர் நான்கும் பெயர். இரண்டு ‘உம்’, ஒரு ‘ஏ’ இடைச்சொல். வினை ஒன்றுகூடக் கிடையாது.

விடையைச் சொல்லிவிடாமல் ‘கேளிர்’ மேல் ஒரு ‘ஐ’ வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். கேளிரைப் பார்த்தேன். நிற்கிறது. கணியன் பூங்குன்றனார் ஊரென்று சொல்லப்படும் மகிபாலன்பட்டிப் பக்கத்திலிருந்து பஸ்ஸில் வரும் பிள்ளை வகுப்பில் இருந்தால், முதலில் அந்தப் பிள்ளையைக் கேளுங்கள்.