லிங்க்கை ஒட்டினால் சர்வர் எங்கெல்லாம் போகும்? எஸ்எஸ்ஆர்எஃப் ஓட்டையைத் தேடி அடைக்கும் வழி

திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்கு ஆர்டர் மென்பொருள் எழுதித் தருபவர்கள் கோவையில் சரவணம்பட்டி, பீளமேடு பக்கம் நிறையப் பேர் இருக்கிறோம். ஏதாவது ஓப்பன் சோர்ஸ் ஈஆர்பியை (ஆர்டர், ஸ்டாக், கணக்கு எல்லாம் பார்க்கும் மென்பொருள்) எடுத்து, அதில் பையர், ஸ்டைல் நம்பர், பேக்கிங் லிஸ்ட் என்று வேண்டியதைச் சேர்ப்பதுதான் பெரும்பாலும் வேலை. டிசைன் படத்தின் லிங்க்கை ஒட்ட ஒரு பெட்டியும் கட்டாயம் இருக்கும். மெர்ச்சண்டைசர் ஒட்டுவார், சர்வர் போய்ப் படத்தை எடுத்து வரும். ஓட்டை அந்தப் பெட்டியில்தான். வெளியாள் கொடுத்த முகவரிக்கு நம் சர்வரையே போக வைக்கும் இந்த ஓட்டைக்குப் பெயர்தான் எஸ்எஸ்ஆர்எஃப் (சர்வர்-சைட் ரிக்வெஸ்ட் ஃபோர்ஜரி).

மில் கேட்டில் வாட்ச்மேன் வெளியாளை உள்ளே விடமாட்டார். ஆனால் அதே ஆள், உள்ளே வேலை செய்யும் பையனிடம் ஒரு சீட்டைக் கொடுத்து ஆபீஸ் பீரோவில் இருப்பதை எடுத்து வரச் சொன்னால், வாட்ச்மேனால் என்ன செய்ய முடியும்? சர்வர்தான் அந்தப் பையன். 127.0.0.1-இல் (சர்வர் தன்னையே குறிக்கும் முகவரி, லோக்கல்ஹோஸ்ட் என்பதும் இதுதான்) ஓடும் ரெடிஸ் டேட்டாபேஸ், உள் நெட்வொர்க்கின் அட்மின் பக்கம் எல்லாம் அதற்குத் திறந்தே கிடக்கும். கிளவுடில் இருந்தால் 169.254.169.254 என்ற மெட்டாடேட்டா முகவரி (மெஷின் தன்னைப் பற்றிய விவரம் கேட்கும் இடம்) இன்னும் மோசம், அங்கே கேட்டால் அந்த மெஷினுக்கான தற்காலிகச் சாவியே கிடைத்துவிடும். 2019-இல் கேபிடல் ஒன் வங்கியில் இந்த வழியாகத்தான் அமெரிக்காவில் சுமார் 10 கோடிப் பேரின் தகவல் போனது.

முதலில் கோடில் தேடுங்கள். வெளி முகவரிக்குக் கோரிக்கை அனுப்பும் லைப்ரரிகள், அதாவது பைத்தானில் ரிக்வெஸ்ட்ஸ், பிஹெச்பியில் கர்ல், நோடில் ஆக்ஸியாஸ் எங்கெல்லாம் அழைக்கப்படுகிறது, அதற்குப் போகும் முகவரியில் வெளியாள் தொட்ட துண்டு ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். வெப்ஹூக் (ஏதாவது நடந்ததும் கொடுத்த முகவரிக்குத் தகவல் அனுப்புவது), லிங்க் பிரிவியூ, யூஆர்எல் வழி இம்போர்ட் எல்லாம் சீக்கிரம் கண்ணில் படும். படாதவைதான் தொல்லை. கிராஃபனா என்ற டாஷ்போர்டு மென்பொருளில் 2020-இல் வெளிவந்த சிவிஇ-2020-13379 (சிவிஇ என்பது வெளியான ஓட்டைகளுக்குத் தரும் பொது எண்) ஓட்டை இருந்தது அவதார் (ப்ரொஃபைல்) படம் எடுக்கும் இடத்தில், அதற்கு லாகின்கூட தேவைப்படவில்லை. இன்வாய்ஸை ஹெச்டிஎம்எல்லில் இருந்து பிடிஎஃப் ஆக்கும் இடத்தையும் விடாதீர்கள். பையர் முகவரிக் கட்டத்தில் யாராவது ஐஃபிரேம் டேக் (பக்கத்துக்குள் வேறு முகவரியைக் காட்டும் ஹெச்டிஎம்எல்) போட்டு, நீங்கள் அதை எஸ்கேப் செய்யாமல் (வெறும் எழுத்தாக மாற்றாமல்) விட்டால், பிடிஎஃப் இன்ஜினே அந்த முகவரிக்குப் போய் வந்ததைப் பக்கத்தில் அச்சடித்தும் கொடுத்துவிடும்.

சரி, கண்டுபிடித்தாயிற்று. உடனே எல்லோரும் செய்வது, லோக்கல்ஹோஸ்ட் என்றோ 127.0.0.1 என்றோ வந்தால் மறுப்பது. பிரயோஜனமே இல்லைங்க. 2130706433 என்று எழுதினாலும் அதே முகவரிதான், 127.1 என்றாலும் அதுதான், ஐபிவி6-இல் ::1 வேறு இருக்கிறது. நோடின் ஐபி என்ற லைப்ரரியே ஹெக்ஸில் எழுதிய லோக்கல் முகவரியைப் பொது முகவரி என்று சொல்லி சிவிஇ-2023-42282 வாங்கியது. எழுத்து வடிவம் நல்லதாகவே இருந்தாலும், அந்தத் தளம் ரீடைரக்ட் கொடுத்து உள்ளே திருப்பலாம். அல்லது நீங்கள் சோதிக்கும்போது ஒரு ஐபி, எடுக்கப் போகும்போது வேறு ஐபி என்று, தளத்தின் பெயருக்கு ஐபியைச் சொல்லும் டிஎன்எஸ் மாற்றிச் சொல்லலாம்.

அதனால் சோதிக்க வேண்டியது எழுதியிருக்கும் முகவரியை அல்ல, கனெக்ஷன் போகப்போகும் ஐபியை. பெயரை ஒரே முறை ரிசால்வ் செய்து (டிஎன்எஸ்ஸிடம் கேட்டு ஐபியாக்கி), வந்த ஐபியைச் சோதித்து, அதே ஐபிக்கே கனெக்ட் செய்யுங்கள், கோரிக்கையில் தளத்தின் பெயரைச் சொல்லும் ஹோஸ்ட் ஹெடரும், சான்றிதழ் சரிபார்க்கும் டிஎல்எஸ் பெயரும் பழையதாகவே இருக்கட்டும். கோ மொழியில் கனெக்ஷன் போடும் டயலரின் கண்ட்ரோல் ஃபங்ஷன், ரிசால்வ் ஆன பிறகு கனெக்ட் ஆகும் முன் கூப்பிடப்படுவதால் இதற்கென்றே செய்தது போல இருக்கும். பைத்தானில் அந்த ஐபி பிரைவேட்டா (is_private) என்று கேட்காமல் குளோபலா (is_global) என்று கேளுங்கள். 100.64.0.0/10 வரிசை இரண்டிலும் சேராது, அலிபாபா கிளவுடின் மெட்டாடேட்டா முகவரியான 100.100.100.200 அதற்குள்தான் இருக்கிறது. ரீடைரக்ட்டைத் தானாகப் பின்தொடர விடாதீர்கள், தேவையென்றால் ஒவ்வொரு தாவலுக்கும் இதே சோதனை. ஹெச்டிடிபி, ஹெச்டிடிபிஎஸ் தவிர வேறு ஸ்கீம் (முகவரியின் தொடக்கத்தில் வருவது) வேண்டவே வேண்டாம். படம் வரும் தளங்கள் நாலைந்துதான் என்றால், அனுமதிப் பட்டியல் போட்டுவிடுங்கள், பாதித் தலைவலி போகும்.

கோடை மட்டும் நம்பாமல் நெட்வொர்க்கிலும் பூட்டுங்கள். அமேசான் கிளவுடில் 2019 நவம்பரில் வந்த ஐஎம்டிஎஸ்வி2-ஐ (மெட்டாடேட்டா சேவையின் இரண்டாம் பதிப்பு) கட்டாயமாக்கினால், டோக்கன் இல்லாமல் சாவி வராது, அந்த டோக்கனை வழக்கமான கெட் முறையில் அல்லாமல் புட் முறையில் கேட்டு வாங்க வேண்டும், சாதாரண எஸ்எஸ்ஆர்எஃப் அங்கேயே நின்றுவிடும். வெளியே போகும் கோரிக்கைகளை ஸ்ட்ரைப் வெளியிட்ட ஸ்மோக்ஸ்கிரீன் போன்ற பிராக்ஸி (நடுவில் நின்று சோதித்து அனுப்பும் சர்வர்) வழியாக அனுப்புவதும் நல்லது.

அப்புறம் உங்கள் சொந்த ஸ்டேஜிங்கில் (சோதனை சர்வரில்) சோதியுங்கள். 127.0.0.1-க்குத் திருப்பிவிடும் ஒரு சின்னப் பக்கத்தை வெளியில் வைத்து அந்த லிங்க்கைப் பெட்டியில் ஒட்டிப் பாருங்கள். பதில் திரையில் வராவிட்டாலும் திறந்த போர்ட்டுக்கும் மூடிய போர்ட்டுக்கும் எடுக்கும் நேரமோ பிழைச் செய்தியோ வேறுபட்டால், அதை வைத்தே உள் நெட்வொர்க்கை வரைபடம் போட்டுவிடுவார்கள். கஸ்டமரின் சர்வரில் எழுத்து மூல அனுமதி இல்லாமல் இதைச் செய்தால் ஐடி சட்டத்தின் 43, 66 பிரிவுகளில் மாட்டிக்கொள்ள நேரலாம், பழகிய முதலாளிதானே என்று இறங்காதீர்கள்.

ஓட்டை நீங்கள் எடுத்த ஓப்பன் சோர்ஸ் மூல ப்ராஜெக்ட்டிலேயே இருந்தால் பொதுவில் இஷ்யூ (எல்லோரும் பார்க்கும் புகார்) திறக்க வேண்டாம். ரெப்போவில் செக்யூரிட்டி ஃபைல் இருந்தால் அதில் சொன்ன வழியிலோ, கிட்ஹப்பின் தனிப்பட்ட ரிப்போர்ட் வழியாகவோ எழுதுங்கள். வெர்ஷன், அனுப்பிய லிங்க், சர்வர் போய்த் தொட்ட முகவரி, இந்த மூன்றும் இருந்தால் அவர்கள் வேலையைத் தொடங்கிவிடலாம்.