மலைக் குளிரில் ஃபில்டர் காபி: சேர்வராயன் மலைக்குப் போகிறவர்களுக்கு

சேலத்து வீட்டில் கள்ளிச்சொட்டாக இறங்கும் டிகாக்ஷன், இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி ஏற்காட்டுக்குப் போனதும் நீர்த்துப் போவதுண்டு. தூள் மேல் பழி போட வேண்டாம். சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் தண்ணீர் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். எவ்வளவு நேரம் எரித்தாலும் அதற்கு மேல் ஏறாது. அந்தச் சூட்டிலும் ஒரு பங்கைக் குளிர்ந்த எவர்சில்வர் ஃபில்டர் பிடுங்கிக்கொள்ளும். சூட்டைக் காப்பாற்றினால் காபி தப்பும்.

இரண்டு பேருக்கு 25 கிராம் ஃபில்டர் தூள், 25 கிராம் பால் பவுடர், தேவையான சர்க்கரை. வீட்டிலேயே தனித்தனியாகப் பொட்டலம் கட்டிவிடுங்கள். சிக்கரி 20 சதவீதத்தைத் தாண்ட வேண்டாம். கூடினால் தூள் ஊறி உப்பி, துளையை அடைக்கும்.

அனுமதி உள்ள இடத்தில் மட்டும் அடுப்பு பற்றவையுங்கள். காட்டுக்குள் விறகுத் தீ கூடவே கூடாது. சின்ன கேஸ் அடுப்பு போதும். காற்றுக்குத் தடுப்பு வைக்கலாம், ஆனால் கேஸ் டப்பாவைச் சுற்றி முழுக்க மூடாதீர்கள். டப்பா சூடேறினால் ஆபத்து. கூடாரத்துக்குள் அடுப்பு வேண்டவே வேண்டாம், நச்சுப்புகை சேரும்.

முதலில் கொஞ்சம் வெந்நீரை ஃபில்டரில் ஊற்றி, சுழற்றிக் கொட்டிவிட்டுத் துடையுங்கள். இந்த ஒரு வேலையைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். தூளைப் போட்டுத் தட்டிச் சமப்படுத்தி, அமுக்கியை லேசாக வையுங்கள். 150 மில்லி தண்ணீர் தளதளவென்று கொதிக்கும்போதே அடுப்பிலிருந்து நேரே ஊற்றவேண்டும். முதலில் இரண்டு கரண்டி, அரை நிமிடம் கழித்து மீதி. மூடி, துண்டால் சுற்றி 20 நிமிடம் விடுங்கள். தூள் 50 மில்லி குடித்துவிடும். 100 மில்லி டிகாக்ஷன் கிடைக்கும்.

சொட்டு நின்றுவிட்டதா? மேல் பாத்திரத்தைச் சற்றுத் தூக்கி வையுங்கள். கீழே அடைபட்ட காற்று வெளியேறினால் மறுபடி இறங்கும். அப்போதும் இறங்காவிட்டால் தூளை அதிகமாக அமுக்கியிருக்கிறீர்கள். சரசரவென்று ஐந்து நிமிடத்தில் இறங்கிவிட்டால் தூள் கொரகொரப்பு, டிகாக்ஷன் வெளுத்துத்தான் இருக்கும்.

அதற்குள் பால். பவுடரை வெதுவெதுப்பான தண்ணீர் கொஞ்சம் விட்டுக் குழைத்த பிறகே 200 மில்லிக்குக் கரைத்துக் காய்ச்சுங்கள். கொதிநீரில் நேராகக் கொட்டினால் கட்டி தட்டும். ஒரு டம்ளருக்கு 50 மில்லி டிகாக்ஷன், 100 மில்லி பால். டிகாக்ஷனை மட்டும் மறுபடி அடுப்பில் ஏற்றாதீர்கள், கசந்துவிடும். குளிரில் நெடுநேரம் ஆற்றவும் வேண்டாம், இரண்டு முறை போதும்.

சர்க்கரைப் பொட்டலத்தை உடனே பைக்குள் வையுங்கள், குரங்குகள் காத்திருக்கும். காபிச் சக்கையையும் கவரில் கட்டிக் கீழே கொண்டுவந்துவிடுங்கள்.