'எனக்கு கோடிங் வராது' என்பவர்கள் செய்யும் தவறுகள்

புதிதாக கோடிங் கற்பவர்களுக்குச் சொல்லித்தருவது என் வேலை. நாங்கள் படித்த காலத்தில் சறுக்கிய அதே இடங்களில்தான் இவர்களும் சறுக்குகிறார்கள். அடைப்புக்குறியை மூட மறப்பதை எல்லாம் கம்ப்யூட்டரே காட்டிக்கொடுத்துவிடும். அதை விடுங்கள்.

முதல் மாதத்திலேயே தீர்ப்பு எழுதுவது

இதை மட்டும் என்னால் இன்றுவரை பொறுக்க முடியவில்லை.

போர்டில் மூன்று வரி எழுதினேன்: ஏ = 10, பி = 20, ஏ = பி. இப்போது ஏ என்ன? ஒரு மாணவி, "பத்தும் இருபதும் எப்படி சார் சமமாகும்?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. பள்ளிக் கணக்கில் சமக்குறிக்கு அதுதானே பொருள்? இங்கே அது, வலப்பக்க மதிப்பை எடுத்து இடப்பக்கத்தில் போடு என்கிற கட்டளை. சொல்லித்தந்தால் தெரியும், அவ்வளவுதான். பக்கத்தில் இருந்தவர் சட்டென்று 20 என்றார். அவர் பள்ளியிலேயே பைத்தான் என்ற கணினி மொழியில் எழுதிப் பழகியவர். அந்தப் பழக்கம் அந்த மாணவிக்குப் பிறவித் திறமையாகத் தெரிந்தது. சில வாரங்களில் வகுப்பையே விட்டுவிட்டார். அப்படி நல்ல கேள்வி கேட்கும் ஒருவரை இழந்தது இன்னும் உறுத்துகிறது.

இதே மாதிரிக் கேள்விகளை வைத்துத்தான் 2006இல் இங்கிலாந்தின் மிடில்செக்ஸ் பல்கலைக்கழகத்தில் ஆய்வாளர்கள் டெனாடியும் போர்னட்டும், யாருக்கு கோடிங் வரும், யாருக்கு வராது என்று பாடம் தொடங்கும் முன்பே பிரித்துவிடலாம் என எழுதினார்கள். 2014இல் போர்னட்டே அதைத் திரும்பப் பெற்றார். அப்புறம் 2016இல் வெளியான ஓர் ஆய்வு, ஒரு பல்கலைக்கழகத்தின் 778 கணினி வகுப்புகளின் மதிப்பெண்களை அலசியது. வரும், வராது என்று இரண்டு வகை மனிதர்கள் இருந்தால், மதிப்பெண்களும் தனித்தனிக் குவியல்களாக நிற்க வேண்டும். அப்படிப் பிரிந்து நின்ற வகுப்புகள் ஆறு சதவீதத்துக்கும் குறைவு. எல்லோரும் ஒரே வேகத்தில் கற்பார்கள் என்று நான் சொல்லவில்லை. ஆனால் முதல் மாத வேகத்தை வைத்து யாரையும் எடை போட முடியாது, உங்களையும் சேர்த்துத்தான்.

பிழைச் செய்தியைப் படிக்காமல் மூடுவது

'லிஸ்ட் இண்டெக்ஸ் அவுட் ஆஃப் ரேஞ்ச்' என்று வரி எண்ணோடு வந்திருக்கும். பட்டியலில் இருப்பது ஐந்து. கம்ப்யூட்டர் 0இலிருந்து எண்ணுவதால், அவற்றின் இட எண்கள் 0 முதல் 4 வரை. நீங்கள் 5ஐக் கேட்டிருக்கிறீர்கள். படித்தால் முடிந்தது.

விடையைப் பார்த்துவிட்டு 'புரிந்தது' என்பது

மூடிவைத்துவிட்டு நீங்களே எழுதுங்கள்.

எதையும் மாற்றாமல் புரோகிராமைத் திரும்பத் திரும்ப ஓட்டுவது

விடாமுயற்சி என்று பலர் நினைப்பது இதைத்தான். ஓட்டுவதற்கு முன் என்ன விடை வரும் என்று தாளில் எழுதுங்கள். வேறு வந்தால், எந்த வரியில் இரண்டும் பிரிந்தன என்று அங்கிருந்து தேடுங்கள்.