பழைய லேப்டாப்பில் கிராபிக்ஸ் கார்டு மாற்றிய கதை

என் கேமிங் லேப்டாப்பில் இருந்தது ஜிடிஎக்ஸ் 765எம் கிராபிக்ஸ் கார்டு, 2 ஜிபி மெமரி. புது கேம்கள் திக்கித் திணறின. பெரும்பாலான லேப்டாப்களில் கிராபிக்ஸ் சிப் மதர்போர்டிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கும், மாற்ற வழியே இல்லை. அடிமூடியைக் கழற்றிப் பார்த்தேன். நல்லவேளை, என்னுடையதில் எம்எக்ஸ்எம் ஸ்லாட், அதாவது கிராபிக்ஸ் கார்டைக் கழற்றி மாட்டக்கூடிய இடம்!

அப்புறம்தான் தலைவலி. எம்எக்ஸ்எம் 3.0 கார்டில் 'ஏ' வகை 82 × 70 மி.மீ., 'பி' வகை 82 × 105 மி.மீ. என்னுடையது 'பி' என்று ஸ்கேல் வைத்தே உறுதிசெய்தேன். இன்னும் புதிய ஜிடிஎக்ஸ் 1070 மேல் ஆசைதான்; பழைய பயாஸ் (லேப்டாப்பைத் தொடங்கிவைக்கும் அடிப்படை மென்பொருள்) அதை ஏற்குமா, சார்ஜர் தாங்குமா என்று நினைத்து விட்டுவிட்டேன். யாரோ பயன்படுத்திய ஜிடிஎக்ஸ் 970எம் ஒன்றை வாங்கினேன்.

பொருத்தியதும் திரை வந்தது, கார்டை விண்டோஸ் இயக்கத் தேவையான டிரைவர் மென்பொருள் மட்டும் ஏற மறுத்தது. எந்தெந்த கார்டுக்கு டிரைவர் பொருந்தும் என்று பட்டியலிடும் அதன் ஐஎன்எஃப் கோப்பில் என் லேப்டாப்போடு சேர்ந்த கார்டின் அடையாள எண் இல்லாததுதான் காரணம். அந்த எண்ணைச் சேர்த்து, மாற்றப்பட்ட டிரைவரைத் தடுக்கும் விண்டோஸின் டிரைவர் கையொப்பச் சோதனையைத் தற்காலிகமாக நிறுத்தி, மறுபடி நிறுவினேன். சரி, வேலை முடிந்தது என்று நினைத்தேன்.

அரை மணி நேரம் விளையாடியதும் வெப்பம் 90 டிகிரி செல்சியஸைத் தாண்டியது. மெமரி சிப்கள் மேல் நான் ஒட்டிய தெர்மல் பேட் (வெப்பத்தைக் கடத்தும் மெத்தை) தடிமன் அதிகம். அதனால் வெப்பத்தை வெளியேற்றும் உலோகப் பாகமான ஹீட்சிங்க், நடுவில் உள்ள கிராபிக்ஸ் சிப்பைச் சரியாகத் தொடவில்லை. முழுக்க என் தவறு. மெல்லிய பேட் வைத்ததும் 78-இல் நின்றது.