அறிவியல் புனைகதைக்கு மதிப்புரை எழுதும் முறை

அறிவியல் புனைகதைக்கு மதிப்புரை எழுத அமர்பவர் முதலில் எடுத்துரைக்க வேண்டியவை கதையுலகின் விதிகளே. கதைச்சுருக்கம் அதற்குப் பிறகுதான். சுஜாதாவின் ‘என் இனிய இயந்திரா’ நாவலை எடுத்துக்கொண்டால், அங்கே குழந்தை பெறுவதற்கும் அரசின் அனுமதி வேண்டும் என்பதையும், ஜீனோ என்னும் இயந்திர நாய் பேசும், சிந்திக்கும் என்பதையும் தயங்காமல் எழுதலாம்; ஆட்சியாளர் ஜீவாவைப் பற்றிய உண்மையை மட்டும் போட்டு உடைத்துவிடக் கூடாது.

அடுத்து, அவ்விதிகளை ஆசிரியரே கடைசிவரை மதிக்கிறாரா என்று பாருங்கள். நாயகன் இக்கட்டில் சிக்கியதும், அதுவரை பேச்சே இல்லாத கருவியோ மந்திரமோ திடீரென முளைத்தால், அதைக் குறையென்றே சுட்டலாம். மாயமும் மந்திரமும் நிறைந்த மிகுபுனைவுக்கும் (ஃபேன்டசி) இதே அளவுகோல்தான்.

1980களில் எழுதப்பட்டு 2021-ஐக் கற்பனை செய்த அந்நாவலில் எது பலித்தது, எது பலிக்கவில்லை என்று கணக்குப் பார்ப்பது (நம்மவர்களுக்கு இதில் தனி ஆசை உண்டு) மதிப்புரை ஆகாது. அக்கற்பனை எழுதப்பட்ட காலத்தின் எந்த அச்சத்திலிருந்து பிறந்தது என்று ஆராய்வதே வாசகருக்குப் பயன் தரும்.

நடையை ‘விறுவிறுப்பு’ என்ற ஒற்றைச் சொல்லில் முடித்துவிடாமல், ஓரிரு வரிகளை மேற்கோள் காட்டுங்கள். இவ்வகை நூல்களை இதுவரை தொடாதவருக்கு இதைப் பரிந்துரைப்பீர்களா என்பதையும் வெளிப்படையாகக் குறிப்பிடுங்கள்.