டிராக்டர் இன்ஜின் பிளாக்ல கிராக் விட்டுருச்சா? உடனே வெல்டிங் பக்கம் ஓடாதீங்க

பிளாக் வார்ப்பிரும்பு. அதுல சாதா 6013 வெல்டிங் ராடு வெச்சு வெல்டிங் அடிச்சா அந்த நேரத்துக்கு புடிச்ச மாதிரி இருக்கும், ஆறுறப்போ வெல்டிங் தையலுக்கு பக்கத்துலயே புதுசா டிக்குனு கிராக் விட்டுரும். வாட்டர் ஜாக்கெட் (பிளாக்குக்குள்ள தண்ணி ஓடுற அறை) வெளிப்பக்கம் தண்ணி கசியுற கிராக்னா மட்டும் கீழ சொல்றத பண்ணி பாருங்க.

மொதல்ல கிராக் எங்க முடியுதுனு கண்டுபிடிக்கணும், அதான் பாதி வேலையே. மண்ணெண்ணெய தடவி நல்லா துடைச்சிட்டு சாக்பீஸ் தூள் பூசுங்க, உள்ள ஊறுன எண்ணெய் வெளிய வந்து கோடு போட்டு காட்டும், கண்ணுக்கு தெரியறத விட கிராக் நீளமா தான் இருக்கும். ரெண்டு முனையிலயும் அது முடியுற எடத்துல 3 மிமீ டிரில் போடுங்க, இல்லாட்டி என்ன ஒட்டுனாலும் ஓடிக்கிட்டே தான் போகும். அப்புறம் கிராக் நெடுக கிரைண்டர்ல V வடிவத்துல காடி எடுத்து, பெயிண்ட், எண்ணெய்ப்பசை சுத்தமா போக தின்னர்ல துடைச்சு, மெட்டல் எபாக்சி (உலோகத்த ஒட்டுற பசை, சூடு தாங்குறது) அழுத்தி ரொப்பி ஒரு நாள் முழுக்க காய விடுங்க.

வெல்டிங்தான்னா நிக்கல் ராடு, ஒரு தடவைக்கு ஒரு இஞ்ச் மட்டும், சூட்டோட சுத்தியல்ல லேசா தட்டி, கை வெக்கிற அளவு ஆறுனப்புறம் அடுத்தது. தண்ணி ஊத்தி ஆத்தவே கூடாது. ஃப்ளைவீல், பிரேக் டிரம், பேரிங் கேப்ல இதெல்லாம் வேணாம், மாத்திடுங்க.