தெய்வ சக்தியின் வேகத்தைக் கட்டுக்குள் கொண்டுவந்த விதம்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் நண்பர்களுக்காக நான் நடத்தும் பாத்திரமேற்று விளையாட்டில், செம்பனைக் காட்டுப் பேய்கள் எவையும் முதல் சுற்றைத் தாண்டியதில்லை. நாங்கள் பின்பற்றும் டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் 2014 விதிகளின்படி, பாலடின் என்னும் புனித வீரர் முதல்நிலை மந்திர ஆற்றலைச் செலவிட்டாலே, அவருடைய அடியுடன் தெய்வ சக்தியாக இரண்டு எட்டுமுகப் பகடைகளின் சேதம் சேரும். எதிரி இறந்தும் நடமாடும் வகையென்றால் மேலும் ஒரு பகடை சேரும். மற்றவர்கள் தங்கள் முறை வருவதற்குள் சண்டை முடிந்துவிடும். பேயின் உயிர்ப்புள்ளிகளை உயர்த்துவது தீர்வாகாது; வில்லாளியின் அம்பு அப்போது இன்னும் பயனற்றதாகிவிடும்.

வழி அதே விதிகளிலேயே இருந்தது. அவற்றில் வரும் இரத்தக்காட்டேரி ஒவ்வொரு முறையும் 20 புள்ளிகள் தேறும். புனித நீரோ தெய்வ ஒளியோ பட்டால், அதன் அடுத்த முறையில் மட்டும் அந்தத் தேறுதல் நின்றுவிடும். இதையே எல்லாப் பேய்களுக்கும் விரித்தேன்: தெய்வ சக்தி கூடுதல் சேதம் தராது, மாறாக, தேறுதல், ஆயுதம் உடலை ஊடுருவிச் செல்லும் தன்மை ஆகிய காப்புகளுள் ஒன்றை அடுத்த முறைவரை முடக்கும். அந்த இடைவெளியில் பாராங் கத்தியும் அம்பும் முழுமையாக வேலை செய்யும். தோட்டத்து முனியாண்டி எல்லையைக் காப்பவர் என்று வளர்ந்த எங்களுக்கு இதுவே பொருத்தமாகவும் படுகிறது.

2024 விதிகள் பாலடினின் இந்தத் தெய்வ அடியை உபசெயலாக, அதாவது முதன்மைச் செயலுக்கு மேல் செய்யும் கூடுதல் செயலாக மாற்றி, ஒரு முறைக்கு ஒன்றென வரையறுத்துள்ளன. அந்த வரம்பையும் சேர்த்துக்கொண்டேன். இப்போது பாலடினே வில்லாளியிடம், “அண்ணே, நான் காப்பை உடைத்த பிறகு அடியுங்கள்,” என்று திட்டமிடுகிறார்.